மேடு ஏற ஹப் மோட்டார்: கேட்டதும் சொன்னதும்

மேலூர்: அண்ணே, என் மின்சார சைக்கிள்ல 36 வோல்ட், 250 வாட் கியர் ஹப் (சக்கரத்து நடுவுலயே பல்சக்கரத்தோட இருக்கிற மோட்டார்). அழகர்கோவில்ல இருந்து பழமுதிர்சோலை ஏறும்போது பாதி வழியில மோட்டார் கொதிக்குது. 48 வோல்ட் பேட்டரி மாத்தினா ஏறுமா?

வோல்ட் வேகத்துக்கு, ஆம்ப் இழுவைக்கு. வெறும் வோல்ட்டைக் கூட்டினா சமதரையில பறக்கும், மேட்டுல அதே கதைதான். கணக்கு பாருங்க தம்பி. ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ. 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயர்ற மேட்டை மணிக்கு 10 கிலோமீட்டர்ல ஏறவே சக்கரத்துல 290 வாட் பக்கம் வேணும். அவ்வளவு மெதுவா சுத்தும்போது பேட்டரி கொடுக்கிறதுல கணிசமான பங்கு சூடாப் போகும். கரண்ட் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு. அப்படி வெந்த மோட்டாரோட மூடியைக் கழட்டினா செம்புக் கம்பி வார்னிஷ் கருகி, மோட்டார் எந்த நிலையில சுத்துதுன்னு காட்டுற ஹால் சென்சார் வயர் ஒண்ணோட ஒண்ணு உருகி ஒட்டியிருக்கும். நைலான் பல்சக்கரமும் மழுங்கியிருக்கும்.

அதே மோட்டாரை 26 இஞ்ச்ல இருந்து 20 இஞ்ச் சக்கரத்துக்கு மாத்துங்க. இழுவை 30 சதவீதம் கூடும், வேகம் 23 சதவீதம் பக்கம் குறையும். மோட்டார் உள்ளே சூட்டை அளக்க 10கே தெர்மிஸ்டர் ஒண்ணு வைங்க. மேட்டுல விடாம மிதிங்க. டார்க் ஆர்ம், அதாவது அச்சு சுத்தாம பிடிக்கிற இரும்புப் பட்டை, போட்டாச்சா? இல்லேன்னா அச்சு ஃபோர்க்குக்குள்ள சுத்தி வயரை முறுக்கி அறுத்துடும்.

திருமங்கலம்: கண்ட்ரோலர்ல கரண்டை அளக்கிற ஷண்ட் கம்பில ஈயம் வச்சா ஆம்ப் கூடும்னாங்களே?

கூடும். கண்ட்ரோலர் உள்ளே கரண்டை விட்டு நிறுத்துற மாஸ்ஃபெட்டும் போகும், பேட்டரியைக் காக்கிற பிஎம்எஸ் சர்க்யூட்டும் திணறும். செய்யாதீங்க.

உசிலம்பட்டி: 1000 வாட் போட்டா லைசென்ஸ் வேணுமா?

வேணும், பதிவும் வேணும். 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உள்ள இருக்கிறதுக்குத்தான் விலக்கு.

நத்தம்: சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவு. ஹப்பையே ஏன் கட்டிப்பிடிக்கிறீங்க? மிதிகட்டைப் பக்கம் மோட்டார் வைக்கிற மிட் டிரைவ்னு சொல்லலாமே!

சிறுமலைக்கு மிட் டிரைவ்தான், ஒத்துக்கிறேன். சின்ன கியர்ல போட்டா சக்கரம் மெதுவா போனாலும் மோட்டார் தன் வேகத்துலயே சுத்தும், சூடு குறையும்.

நத்தம்: அப்ப ஹப் வேஸ்ட்டா?

யார் சொன்னது? மிட் டிரைவ்ல முழு இழுவையும் செயின் வழியாப் போகுது. தினம் மூட்டை ஏத்துறவருக்கு செயினும் பின்பல்லும் சீக்கிரம் தேயும். ஊருக்குள்ள வேலை, எப்பவாவது ஒரு மேடு: அதுக்கு ஹப் போதும். மலைமேலேயே குடியிருந்தா மிட் டிரைவ். கேட்கிறவங்க எந்த ரோட்டுல ஓட்டுறாங்கன்னு தெரியாம நான் எதையும் தூக்கிப் பிடிக்க மாட்டேன்.

வாடிப்பட்டி: 36ல இருந்து 48 வோல்ட் மாத்தினா மேடு ஏறுமா அண்ணே?

மேலூர்க்காரருக்குச் சொன்னதைப் படிங்க.

சமயநல்லூர்: 60 வோல்ட்?

அதுக்கும் அதே பதில்தான். டார்க் ஆர்ம் போடுங்க.

திண்டுக்கல்: மலை இறங்கும்போது பேட்டரி சார்ஜ் ஆகுமா?

கியர் ஹப்ல ஆகாது, உள்ளே ஃப்ரீவீல் இருக்கு, இறங்கும்போது சக்கரம் மோட்டாரைச் சுத்தாது. பல்சக்கரம் இல்லாத டைரக்ட் டிரைவ் ஹப்ல கண்ட்ரோலர் அனுமதிச்சா ஆகும். மேல ஃபுல் சார்ஜ் ஏத்திட்டு இறங்காதீங்க. பிஎம்எஸ் துண்டிச்சா மோட்டார் பிடிப்பு பட்டுனு போயிடும், அப்ப வளைவுல பிரேக் கட்டை மட்டும்தான் துணை. இப்படி மோட்டாரே பிரேக்காகி சார்ஜ் ஏத்துற ரீஜென் அச்சை எதிர்ப்பக்கம் திருப்பி நட்டைத் தளர்த்தும், அதனால டார்க் ஆர்ம் ரெண்டு பக்கமும் வேணும்.