இலவச டிரோன், படம் யாருக்கு?

கேள்வி: 2 ஏக்கர் தேயிலை இருக்கிறது. டிரோனில் படமெடுத்து, ஏஐ மூலம் கொப்புள நோயைக் கண்டுபிடித்துத் தருகிறோம், இலவசம், படங்கள் மட்டும் எங்களுக்கு என்கிறது ஒரு நிறுவனம். கையெழுத்துப் போடலாமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: அவசரப்படாதீர்கள். 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆட்களின் தகவலுக்குத்தான், இலைக்கு இல்லை. எனவே தோட்டப் படங்கள் யாருக்கு என்பதை ஒப்பந்தம்தான் முடிவு செய்யும். ‘நோய் கண்டறிய மட்டுமே, வேறு யாருக்கும் தரக்கூடாது, கேட்டால் அழிக்க வேண்டும்’ என்று எழுதி வாங்குங்கள். விளைச்சல் விவரம் இலை வாங்குபவர் கைக்குப் போனால் விலை பேசும்போது உங்களுக்குத்தான் நஷ்டம். கொழுந்து பறிப்பவர்களின் முகம் தெரிந்தால் அது தனிநபர் தரவு. சம்மத அறிவிப்பை அவர்கள் தமிழில் பெற அந்தச் சட்டம் வழி செய்கிறது.

அடுத்து, 2021 டிரோன் விதிகள். வணிக வேலை என்பதால் 2 கிலோவுக்கு உட்பட்ட மைக்ரோ டிரோனுக்கும் பைலட் சான்றிதழ் வேண்டும். அதையும் பதிவு எண்ணையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். மத்திய அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ இணையதள வரைபடத்தில் உங்கள் இடம் பச்சை மண்டலமா, அதாவது முன் அனுமதியின்றி டிரோன் பறக்கக்கூடிய பகுதியா என்றும் பாருங்கள். ராணுவ, வெடிமருந்து ஆலை இடங்கள் உள்ள வெலிங்டன், அருவங்காடு பக்கமென்றால் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சரிவில் ஒரு சிக்கல். பல டிரோன்கள் உயரத்தைக் கிளம்பிய இடத்திலிருந்தே கணக்கிடும். கீழ்க்காட்டில் நின்று 30 மீட்டரில் ஏவினால், மேல்காட்டுச் சில்வர் ஓக் மரத்தில் போய் மோதும். மேலிருந்து ஏவினால் கீழே படம் தெளியாது. தரையோடு ஏறி இறங்கும் வசதி உண்டா என்று கேளுங்கள். மூடுபனியில் எடுத்த படத்தை நம்பி மருந்தடிக்காதீர்கள்.