மண்ணில் நல்ல நுண்ணுயிர்கள் இருக்கின்றனவா என்று எப்படிப் பார்ப்பது? நுண்ணுயிர் உரப் பாக்கெட் வாங்கிப் போட்டால் போதுமா?

ஆய்வகம் இல்லாமலே ஓரளவு பார்த்துவிடலாம். பயறுச் செடி பூக்கும் சமயத்தில் ஒன்றை மண்வெட்டியால் சுற்றிலும் ஆழமாக வெட்டித் தூக்குங்கள். கையால் பிடுங்கினால் வேர் முடிச்சுகள் மண்ணிலேயே உதிர்ந்துவிடும். வேரை மெதுவாக அலசி, ஒரு முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், முடிச்சில் குடியிருந்து காற்றிலிருக்கும் நைட்ரஜனைச் செடிக்குப் பிடித்துத் தரும் ரைசோபியம் என்ற பாக்டீரியா வேலையில் இருக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு இருந்தும் பிரயோஜனமில்லை.

அந்தச் சிவப்பு, நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரப் புரதம். காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடிக்கும் நொதிக்கு ஆக்சிஜன் ஆகவே ஆகாது. ஆனால் பாக்டீரியா மூச்சுவிட அதுவே வேண்டும். இந்தப் புரதம்தான் ஆக்சிஜனை அளந்து அளந்து கொடுக்கிறது. யூரியாவுக்கான அம்மோனியா தயாரிக்கத் தொழிற்சாலையில் 400 டிகிரியை ஒட்டிய சூடும், நூறு மடங்குக்கு மேல் காற்றழுத்தமும் தேவை. இங்கே அது சாதாரண ஈர மண்ணில் சத்தமில்லாமல் நடக்கிறது.

அப்புறம், நான் செய்த ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். மண் வளமாகட்டுமே என்று ஒரு பாத்தியில் மக்காத மரத்தூளைக் கொட்டிக் கிளறிவிட்டேன். சில வாரங்களில் செடிகள், அதுவும் அடியிலைகள் முதலில், மஞ்சளாகிவிட்டன. நுண்ணுயிர்கள் செத்துப்போயின என்றே நினைத்தேன். நடந்தது நேரெதிர். மரத்தூளில் கார்பன் ஏராளம், நைட்ரஜன் சொற்பம். அதைத் தின்று பெருகிய பாக்டீரியாவும் பூஞ்சையும் தங்கள் உடம்பைக் கட்ட மண்ணிலிருந்த நைட்ரஜனை எடுத்துக்கொண்டன, செடிக்கு மிஞ்சவில்லை. அவை மடியும்போது அது திரும்பி வரும், ஆனால் பயிர் அதுவரை காத்திருக்காதே! அதே மரத்தூளைக் கிளறாமல் மேலே மூடாக்காகப் பரப்பியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது.

சரி, பாக்கெட் விஷயம். அந்த நிலத்தில் ஒரு பயறை முதல் முறையாக விதைக்கிறீர்கள் என்றால் அதற்குரிய ரைசோபியத்தை விதையில் கலப்பது நல்லது. ஒரு பயறுக்கான ரகம் இன்னொன்றுக்கு ஒத்துப்போக வேண்டுமென்பதில்லை. வெயிலில் வைக்காதீர்கள், பூஞ்சைக்கொல்லி பூசிய விதையோடு சேர்க்காதீர்கள். மற்றபடி, ஒரு கிராம் நல்ல மண்ணிலேயே கோடிக்கணக்கில் பாக்டீரியா உண்டு. ஆளுக்குப் பஞ்சமில்லை, தீனிக்குத்தான் பஞ்சம். உயிருள்ள வேர் கசியவிடும் சர்க்கரைதான் அவற்றின் முக்கியமான சாப்பாடு. அறுவடைக்குப் பிறகு நிலத்தை மாதக்கணக்கில் மொட்டையாகப் போட்டுவிட்டுப் பாக்கெட்டுக்குச் செலவழிப்பது, என்னைக் கேட்டால், வீண்.

வேர்ப்பூஞ்சையும் பாக்கெட்டில் விற்கிறார்கள். வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கொண்டுவந்து தரும் கெட்டிக்காரப் பூஞ்சை அது. ஆனால் மண்ணில் மணிச்சத்து ஏற்கெனவே அதிகமிருந்தால் செடியே அதைச் சேர்த்துக்கொள்வதில்லை. கடுகு, முட்டைக்கோஸ் போன்றவை பொதுவாக அதோடு கூட்டுச் சேருவதே இல்லை. வாங்குமுன் மண் பரிசோதனை அட்டையில் மணிச்சத்து எவ்வளவு என்று பாருங்கள்.