அம்மாவின் இரவு ஷிப்ட் எந்த அடுக்கில் வரும்?

குழந்தையின் சூழலை அடுக்குகளாகப் பிரிக்கும் உங்கள் கேஸ் ஸ்டடியில், அம்மாவின் வேலை இரவு ஷிப்டுக்கு மாறியதை எக்ஸோசிஸ்டத்தில் போடுங்கள்; குழந்தை நேரடியாக இல்லாத, ஆனால் அதைப் பாதிக்கும் இடங்களின் அடுக்கு அது. நீங்கள் எழுதிய மீசோசிஸ்டம் சரிவராது.

வீடு, ஆபீஸ் என இரண்டு இடங்களைப் பார்த்ததும் மீசோ என்று தோன்றியிருக்கும். இந்த அடுக்குகளை உளவியலாளர் பிரான்ஃபென்பிரென்னர் 1979-ல் வகுத்தபடி, மீசோ என்பது குழந்தை நேரடியாகப் பங்கேற்கும் இடங்களுக்கு நடுவே உள்ள தொடர்பு. வகுப்பு ஆசிரியை வீட்டுக்குப் போன் செய்வது மாதிரி.

ஒவ்வொரு இடத்துக்கும் கேட்டுப் பாருங்கள்: குழந்தை அங்கே இருக்கிறதா? ஆபீசில் இல்லை. ஆனால் அங்கே போட்ட அட்டவணையால் இங்கே தூங்கும் முன் கதை சொல்ல ஆளில்லை. அந்தக் கதை நேரம் மைக்ரோ, அதாவது குழந்தை நேரடியாக இருக்கும் இடத்தில் நடப்பது. கேஸ் ஸ்டடியில் இரண்டையும் பிரித்து எழுதுங்கள், மார்க் அங்கேதான்.

ஆனால் ஒன்று: ஆபீஸ் வளாகக் காப்பகத்திலேயே குழந்தை இருந்தால், அந்தக் காப்பகம் மைக்ரோசிஸ்டம் ஆகிவிடும்.