லண்டன் ரெட் ஹவுஸ் வெறும் செங்கல் வீடுதானே, அதற்கு ஏன் இவ்வளவு பெயர்?

வெறும் செங்கல் என்பதுதான் அதன் சிறப்பே. அந்தக் காலத்தில் வசதியானவர்கள் செங்கல் சுவருக்குச் சாந்து பூசி, கல் கட்டடம் போலக் காட்டிக்கொள்வது வழக்கம். 1859இல் கவிஞரும் அலங்காரக் கலைஞருமான வில்லியம் மாரிஸுக்காக இதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் பிலிப் வெப் சிவப்புச் செங்கல்லை அப்படியே விட்டுவிட்டார்.

ஜன்னல்களைக் கவனியுங்கள். ஒன்று நீளம், ஒன்று குட்டை, மாடி நடையில் வட்டம். வெளியிலிருந்து பார்ப்பவருக்காக இருபுறமும் ஒரே மாதிரி அடுக்கவில்லை. உள்ளே எந்த அறைக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டுமோ, அதற்கேற்ற ஜன்னல். வீடு 'எல்' வடிவம். அதன் மடக்கில் ஒரு கிணறு, மேலே கூம்பு வடிவ ஓட்டுக் கூரை. எனக்கு வீட்டைவிட அந்தக் கிணறுதான் பிடிக்கும்.

உள்ளே போனால் தலையை நிமிர்த்திப் பாருங்கள். கூரைப் பூச்சு ஈரமாக இருந்தபோதே சிறு துளைகள் குத்தி, அவற்றை வழிகாட்டியாக வைத்துக் கோலம் வரைந்திருக்கிறார்கள். நம் புள்ளிக் கோலம் போலத்தான்! சுவரோவியத்துக்கு மாரிஸின் நண்பர், ஓவியர் பர்ன்-ஜோன்ஸ் வந்தார். இப்படிக் கூடி உழைத்த பழக்கத்திலிருந்தே 1861இல் மாரிஸின் அலங்காரப் பொருள் நிறுவனம் பிறந்தது.

குறையும் உண்டு. முக்கிய அறைகள் வடக்கு பார்த்தவை. இங்கிலாந்துக் குளிரில் வெயில் எட்டாது. ஆசையாகக் கட்டிய மாரிஸ் அங்கே வாழ்ந்தது ஐந்தே ஆண்டுகள். 2003 முதல் வீடு, பழமையான இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம் இருக்கிறது.