வட துருவக் கடலடி யாருக்கு? கேள்வி பதில்

கேள்வி: 2007-ல் ரஷ்யா வட துருவத்துக் கடலடியில் கொடி நட்டதே சார், அந்த இடம் அவர்களுக்கு ஆகிவிட்டதா?

பதில்: இல்லை. மிர் என்ற நீர்மூழ்கிக் கலங்கள் 4,200 மீட்டருக்கும் கீழே இறங்கி டைட்டானியக் கொடியை நட்டன. படம் பிரமாதம், சட்டப்படி காலணா பெறாது.

கேள்வி: அப்போ எதைக் காட்டி உரிமை கேட்பார்கள்?

பதில்: சேற்றையும் பாறையையும்தான். 1982-ன் ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தப்படி, 200 கடல் மைல் வரை கடலடி கடலோர நாட்டுக்குத் தானாகவே சேரும். அதற்கு அப்பாலும் வேண்டுமென்றால், தன் நிலம்தான் நீருக்கடியில் நீள்கிறது என்று காட்ட வேண்டும். நிலம் ஆழ்கடலை நோக்கிச் சரியும் பகுதியான கண்டச் சரிவின் அடிவாரத்திலிருந்து 60 கடல் மைல் அளக்கலாம். அல்லது வண்டலைப் பார்க்கலாம்: அடிவாரத்திலிருந்து 100 கி.மீ. தள்ளியுள்ள இடத்தைக் கேட்டால், அங்கே வண்டல் குறைந்தது 1 கி.மீ. கனம் இருக்க வேண்டும். உறைந்த கடலில் இதை அளப்பது லேசில்லை. கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்தே போனார்கள்; ஒரு கப்பல் பனியை உடைத்து வழிவிட, மற்றது கருவிகளை இழுத்துக்கொண்டு பின்னால் வரும்.

கேள்வி: 350 கடல் மைல்தானே உச்சவரம்பு?

பதில்: அது ஒன்று. 2,500 மீட்டர் ஆழக் கோட்டிலிருந்து 100 கடல் மைல் என்று இன்னொன்றும் உண்டு. வெறும் கடலடி முகடு என்றால் 350-தான். கண்டத்தின் பகுதியான மேடு என்றால் இரண்டில் சாதகமானதை எடுத்துக்கொள்ளலாம். வட துருவக் கடலடியில் சுமார் 1,800 கி.மீ. நீளும் லோமனோசோவ் மலைத்தொடருக்கு இத்தனை போட்டி இதனால்தான். சைபீரியாவின் நீட்சி என்கிறது ரஷ்யா, கிரீன்லாந்தின் நீட்சி என்கிறது டென்மார்க், எல்ஸ்மியர் தீவின் நீட்சி என்கிறது கனடா. மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

கேள்வி: தீர்ப்பு யார் சொல்வது?

பதில்: யாருமில்லை! ஐ.நா.வில் 21 நிபுணர்கள் கொண்ட ஆணையம் இருக்கிறது. அது சர்வேயர் மாதிரி; அளவு சரியா என்று பார்க்கும், பங்காளிச் சண்டையைத் தீர்க்காது. ரஷ்யா 2001-ல் கொடுத்த மனுவுக்குக் கூடுதல் தரவு கேட்டார்கள். திருத்திக் கொடுத்ததில் பெரும்பகுதியை 2023-ல் ஏற்றார்கள். டென்மார்க் 2014-லும் கனடா 2019-லும் மனு கொடுத்தன. ஒன்றின் மேல் ஒன்று விழும் இடங்களை அவர்களேதான் பேசிப் பிரிக்க வேண்டும். பேரண்ட்ஸ் கடலை நார்வேயும் ரஷ்யாவும் சுமார் 40 வருடம் பேசி 2010-ல் பிரித்துக்கொண்டன.

கேள்வி: அமெரிக்கா?

பதில்: ஒப்பந்தத்தில் சேரவே இல்லை. ஆனாலும் 2023 டிசம்பரில் அதே விதிகளை வைத்துத் தன் எல்லையை அறிவித்துக்கொண்டது. வசதிதான்.

கேள்வி: தென் துருவத்திலும் இதே கதையா?

பதில்: அங்கே 1959 அண்டார்டிகா ஒப்பந்தம் உரிமைச் சண்டையை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியா 2004-ல் தரவு கொடுத்தது. அண்டார்டிகா பகுதியை மட்டும் இப்போதைக்குப் பரிசீலிக்க வேண்டாம் என்று அதுவே கேட்டுக்கொண்டது.

கேள்வி: கடலடி கிடைத்தால் மீனும் சேர்த்தா?

பதில்: 200 மைலுக்கு அப்பால் நீந்தும் மீன் சேராது, மேலே உள்ள தண்ணீர் எல்லோருக்கும் பொது. எண்ணெய், எரிவாயு, கனிமம் சேரும். அப்புறம், தரையை ஒட்டியே நகரும் உயிர்களும் சேரும். பேரண்ட்ஸ் கடலின் பனி நண்டு அந்தக் கணக்கில்தான் வருகிறது.