உலக சுகாதார ஆராய்ச்சி: மருத்துவம் படிக்காத மகளுக்கு இதில் என்ன வேலை?

ஐயா, வணக்கம்.

உங்கள் மகள் சமூகவியல் பட்டம் முடிக்கப்போகிறாள். அடுத்து உலக சுகாதாரம், பாலினம், குடிமைச் சமூகம் (அரசு சாராத மக்கள் இயக்கங்கள், தொண்டு அமைப்புகள்) ஆகியவற்றில் ஆராய்ச்சி செய்ய ஆசைப்படுகிறாள். "டாக்டருக்குப் படிக்காமல் சுகாதாரத்தில் என்ன ஆராய்ச்சி? யார் வேலை கொடுப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெற்றவருக்கு வரவேண்டிய கவலைதான். வேலை உண்டு, ஆனால் நிரந்தர வேலை குறைவு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இந்த ஆராய்ச்சி எதற்கு என்பதற்கு ஓர் உதாரணம். எச்.ஐ.வி. உள்ள தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவுவதைக் குறைக்க நெவிராபின் என்ற மருந்து உண்டு. தயாரித்த நிறுவனம் அதை ஐந்து ஆண்டுகளுக்கு இலவசமாகத் தர முன்வந்தும், தென்னாப்பிரிக்க அரசு மாகாணத்துக்கு இரண்டு முன்னோட்ட மையங்களில் மட்டுமே கொடுத்தது. 1998இல் தொடங்கப்பட்ட ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெயின் என்ற மக்கள் இயக்கம் நீதிமன்றம் போனது. 2002 ஜூலையில் அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை நீக்க உத்தரவிட்டது. மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் தாய்மார்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஏழைக் கறுப்பினப் பெண்களாக இருந்த ஓர் இயக்கம், அரசையே எதிர்த்து வெல்லும் பலத்தை எங்கிருந்து பெற்றது? அந்தப் பெண்களின் குரல் தலைமை வரை போனதா? இவற்றுக்கு ரத்தப் பரிசோதனையில் விடை கிடைக்காது. உங்கள் மகள் படிக்க விரும்புவது இதைத்தான்.

பாலினம் என்றதும் பெண்களின் நோய்கள் பற்றிய படிப்பு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அதைவிடப் பெரியது அது. உலக சுகாதாரப் பணியாளர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பெண்கள், உயர் பொறுப்புகளிலோ 25 சதவீதம்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிக்கை வெளியிட்டது. ஊதியம், பதவி, முடிவெடுக்கும் அதிகாரம் எல்லாமே இந்த ஆராய்ச்சிக்குள் வரும்.

அன்றாட வேலை எப்படி இருக்கும் என்று மகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். காசநோய் மாத்திரையைப் பாதியில் நிறுத்திய ஒரு பெண்ணிடம் பேட்டி எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டி விளக்க வேண்டும். பேசத் தொடங்கியதும் மாமியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் அந்தப் பெண்ணின் பதில் மாறிவிடும். அதைக் கவனித்துக் குறித்துக்கொள்ளத் தெரிய வேண்டும். பிறகு ஒலிப்பதிவை வரிக்கு வரி எழுத்தாக்கி, இப்படிப் பல பேட்டிகளை அடுக்கி வைத்து, எது திரும்பத் திரும்ப வருகிறது என்று வகைப்படுத்த வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சை எழுதி முடிக்கவே பல மணி நேரம் ஆகும். பொறுமை இல்லாதவருக்கு இது ஒத்துவராது.

அதனால் கல்லூரியின் பெயரைப் பார்ப்பதற்கு முன் பாடத்திட்டத்தைப் பாருங்கள். ஆய்வு முறையியல் எத்தனை பருவங்களுக்கு இருக்கிறது? களப்பணி கட்டாயமா? புள்ளியியல் சொல்லித் தருகிறார்களா? என்னைக் கேட்டால், புள்ளியியலைத் தவிர்க்கவே கூடாது. பேட்டியும் எடுத்து, ஆர் அல்லது ஸ்டேட்டா மென்பொருளில் கணக்கெடுப்புத் தரவையும் அலசத் தெரிந்தவருக்குத்தான் பல்கலைக்கழகம், அரசு, தொண்டு நிறுவனம் என்று மூன்று பக்கமும் கதவு திறக்கும். மேற்கு ஆப்பிரிக்காவில் ஆர்வம் இருந்தால் பிரெஞ்சு கைகொடுக்கும்.

இனி பணம். பெரும்பாலான வேலைகள் திட்ட நிதியில் ஓடும் ஒப்பந்த வேலைகள், இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடும். வெளிநாடுகளுக்கு உதவி நிதி கொடுத்துவந்த யுஎஸ்எய்ட் அமைப்பை அமெரிக்க அரசு 2025இல் கலைத்தபோது, அந்த நிதியை நம்பியிருந்த பலர் பல நாடுகளிலும் வேலை இழந்தார்கள். இதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். முனைவர் பட்டத்துக்குக் கடன் வாங்கவே வாங்காதீர்கள். நெதர்லாந்து, சுவீடன், நார்வே போன்ற நாடுகளில் முனைவர் பட்ட ஆய்வாளரைச் சம்பளத்துக்கு வேலைக்கு எடுப்பதுதான் வழக்கம். முதுகலைக்கும் உதவித்தொகை கிடைத்தால் மட்டும் வெளிநாடு போகட்டும்.

இப்போதைக்கு ஒன்று செய்யச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு சுகாதார அமைப்பில் சில மாதம் களப்பணி உதவியாளராக இருந்து, பேட்டிகளை எழுத்தாக்கும் வேலையை அவளே செய்து பார்க்கட்டும். அதற்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் நீங்கள் தடுக்க வேண்டாம், ஐயா. விண்ணப்பக் கடிதத்தை எழுதிக்கொண்டு என்னிடம் வரட்டும், சேர்ந்து உட்கார்ந்து திருத்துவோம்.