காய்கறிக்குத் தண்ணீர்: கேட்டவையும் பதில்களும்

தக்காளி நட்டு ஒரு மாதம். செம்மண். எத்தனை நாளுக்கு ஒரு தண்ணீர்? (ஒட்டன்சத்திரம்)

நட்டதும் ஒன்று, மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், அப்புறம் வாரம் ஒன்று என்பது பொதுக்கணக்கு. செம்மண்ணில், கோடையில் அது தாங்காது. தேதி பார்த்து மோட்டார் போடாதீர்கள். செடிக்கு ஒரு சாண் தள்ளி அரை அடி ஆழத்து மண்ணை எடுத்துப் பிடியுங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் போதும். பொலபொலவென்று உதிர்ந்தால் மடையைத் திறக்கலாம்.

கத்தரி மதியத்தில் தொங்கிவிடுகிறது.

சாயங்காலம் நிமிர்ந்தால் விட்டுவிடுங்கள். மண் ஈரமாக இருந்தும் காலையிலேயே வாடினால் அது வேர் நோய். மேலும் தண்ணீர் விட்டால் முற்றும்.

வெண்டைக்கு எத்தனை நாளுக்கு ஒரு தடவை?

முதல் பதில்.

சின்ன வெங்காயம், அறுவடை நெருங்குகிறது. (பெரம்பலூர்)

அறுவடைக்குப் பத்து நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். ஈரத்தோடு பிடுங்கிய காய் சேமிப்புப் பட்டறையில் அழுகும்.

மிளகாய்க்கு எத்தனை நாளுக்கு...

மண்ணைப் பிடித்துப் பார்த்தீர்களா?

சொட்டுநீரில் வேர் மேலேயே நின்றுவிடும், வாய்க்கால் பாசனமே மேல் என்கிறேன். (தேனி)

வேர் மேலே நிற்பது தினம் பத்து நிமிடம் விடுகிறவர் தோட்டத்தில். கணக்கைப் பார்ப்போம். 1 மி.மீ. தண்ணீர் என்றால் ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர். ஒன்றரை மீட்டருக்கு ஒரு லேட்டரல் (வரிசையில் ஓடும் சொட்டுநீர்க் குழாய்), அதில் 60 செ.மீ.க்கு ஒரு 4 லிட்டர் டிரிப்பர் (மணிக்கு 4 லிட்டர் சொட்டுவது) என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 4,500 டிரிப்பர். மணிக்குச் சுமார் பதினெட்டாயிரம் லிட்டர், அதாவது நாலரை மி.மீ. காய்ப்பிலிருக்கும் தக்காளிக்குக் கோடையில் தினம் கிட்டத்தட்ட அவ்வளவு வேண்டும், ஆக ஒரு மணி நேரம் ஒட்டி வரும். பத்து நிமிடம் எந்த மூலைக்கு?

என் தோட்டத்தில் ஒரு மணி நேரம் விட்டும் காய் வெடிக்கிறது, அடி கறுக்கிறது. (அதே தேனி)

காயப்போட்டுத் திடீரென்று நிறைய விட்டால் வெடிக்கும். ஈரம் ஏறி இறங்கினால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராது, அடி கறுக்கும். வாய்க்காலிலும் இதே கதைதான்.

கடைசிச் செடிக்குத் தண்ணீரே போவதில்லையே!

அதை முதலில் சொல்லியிருக்கலாமே. கடைசி டிரிப்பருக்குக் கீழே குழி பறித்து ஒரு டம்ளர் வையுங்கள். 4 லிட்டர் டிரிப்பர் மூன்று நிமிடத்தில் 200 மில்லி தர வேண்டும். குறைந்தால் ஃபில்டரைக் கழுவி, லேட்டரல் முனையைத் திறந்து சேறு போகும்வரை ஓடவிடுங்கள்.

சொட்டுநீருக்கு மானியம் உண்டா?

சிறு, குறு விவசாயிக்கு முழு மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். விவரத்துக்கு உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகம்.